முதியோர் சேமிப்பும் நமது கடமையும்

ஓய்வு பெறும் நாளில் ஒரு தொழிலாளியின் கையில் சேரும் தொகை, அவருடைய முப்பது வருஷ உழைப்பின் பலனாகும். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ம் வருஷம் இயங்கத் தொடங்கிய காலத்தில் வாலிபர்களாக வேலைக்கு அமர்ந்தவர்கள், இப்போது பணிக்கொடையும் சேமநிதியும் பெற்று வீடு திரும்பும் பருவத்தை அடைந்திருக்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பகுதிகளில் ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்து மூப்படைந்தோர் பலர். இத்தகையோருடைய பணத்தைக் குறிவைத்தே மோசக்காரர்கள் வலை விரிக்கிறார்கள்.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர் என்று இகழ்வது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. இது நியாயமன்று. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது பொருளைப் பறிகொடுத்தவர்களெல்லாம் அறிவிலிகளா? அக்கம்பெனியின் பெரும் பெயரை நம்பியல்லவோ பணம் போட்டார்கள்! அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் ஏழைகளின் இழப்பு ஈடாகிவிடவில்லை. ஆயினும் ஸ்ரீ வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர் முதலியோர் வீண் பழி பேசிக் காலங் கழிக்காமல், 1907-ல் இந்தியன் பாங்க்கை ஸ்தாபித்தார்கள். செயலில் இறங்கிய அந்த மனப்பான்மையே இன்றும் வேண்டும்.

இன்று மாறியிருப்பது வேஷம் மட்டுமே. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம், மாதம் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் போலீஸார் 2022-ல் வழக்குத் தொடுத்தனர். ஆசை காட்டுவது ஒரு வகை. அச்சமூட்டுவது மற்றொரு வகை. போலீஸ் உடையில் கைப்பேசித் திரையில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்துவிட்டோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். இப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. எந்த அதிகாரியும் தொலைபேசியில் கைது செய்வதில்லை. வழக்கிலிருந்து விடுவிக்கப் பணம் கேட்பதுமில்லை.

பணம் போய்விட்டால் செய்ய வேண்டுவது என்ன? ஒரு நிமிஷமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும், கணக்கு வைத்துள்ள பாங்க்குக்கும் தெரிவிக்க வேண்டும். திருட்டுப் பணம் கணக்குக்குக் கணக்கு தாவி ஓடுவது. அது ஓடி மறையுமுன் தடுத்தால் மீட்க வழியுண்டு. ரிஸர்வ் பாங்க் 2017-ல் வகுத்த விதிகளின்படி, வாடிக்கைக்காரர் தம் அஜாக்கிரதையால் ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டிருந்தாலும், அவர் புகார் கொடுத்த பின்னர் நேரும் நஷ்டம் பாங்க்கையே சாரும். நிதி நிறுவனம் ஏமாற்றினால், பொருளாதாரக் குற்றப் பிரிவிடம் முறையிடலாம். முதலீட்டாளர் நலனைக் காக்க 1997-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், நிறுவனத்தின் சொத்துக்களை முடக்கி, பணம் இழந்தோருக்குப் பகிர்ந்தளிக்க இடமளிக்கிறது.

சட்டமிருந்தும் பயன் குறைவது ஏன்? வெட்கமே காரணம். பிள்ளைகள் ஏசுவார்களே, ஊரார் நகைப்பார்களே என்று அஞ்சி முதியவர் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கே லாபம். ஆகவே அவரை ஏசுகிறவன், தான் அறியாமலே கள்வனுக்குத் துணை போகிறான்.

தொழிற்சங்கத்தாரும், ஓய்வூதியர் சங்கத்தாரும், படிப்பக இளைஞர்களும் இதைத் தேசத் தொண்டாக ஏற்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். பேட்டைதோறும் இருவர் முன்வரட்டும். முதியவருடன் பாங்க்குக்கும் போலீஸ் நிலையத்துக்கும் நடக்கட்டும். புகார் எழுதித் தரட்டும். உழைத்தவர் பொருளைக் காக்க இயலாத சமூகம் வேறெதைக் காக்கப் போகிறது?