காகிதமும் கண்ணாடியும் கல்லாகும்போது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடற்கரையை அடுத்த ஹோக்குயம் என்னும் சிற்றூரில் உருவான ஒரு கரிய பலகைத் துண்டைக் கையில் எடுப்பவர் முதலில் அதைக் கல்லென்றே நினைப்பார். ஆனால் தொட்டவுடன் கல்லுக்குரிய குளிர்ச்சி இல்லாமையும், அதே அளவுள்ள கிரானைட்டின் கனத்தில் ஏறக்குறைய பாதியே இருப்பதும், விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால் புத்தக ஏடுகளைப் போல் மெல்லிய அடுக்குகளின் சாயல் தென்படுவதும் அவரைச் சற்றே யோசிக்க வைக்கும். அது கல் அன்று; காகிதம். உபயோகித்துக் கழித்த தாள்களைக் கூழாக்கி, மீண்டும் தாளாக்கி, பிசினில் தோய்த்து, பல அடுக்குகளாக அடுக்கி, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படும் அப்பலகைக்குப் பேப்பர்ஸ்டோன் என்று பெயர். சமையல் மேடைக்காகவே அது விற்பனைக்கு வந்தது.

அந்நாட்டில் வீட்டு வேலைகளைத் தம் கையாலேயே செய்துகொள்ளும் வழக்கம் பெரிது. சமையல் மேடையைக்கூட விடுமுறை நாட்களில் தாமே அறுத்து, இழைத்து, பொருத்திக்கொள்ளும் குடும்பத்தார் பலர். அவர்கள் மறுசுழற்சிப் பலகை வாங்கப் புகும்போது, அதில் கழிவுப்பொருள் எத்தனை சதவீதம் என்ற கணக்கே முதலில் கண்ணில் படுகிறது. அந்தக் கணக்கு அவசியமானதுதான்; அதிலும், மக்கள் உபயோகித்து எறிந்த பொருளா, ஆலையிலேயே மிஞ்சிய வெட்டுத் துண்டுகளா என்று பிரித்துக் கேட்பது இன்னும் அவசியம். எனினும், கழிவு எதுவென்று கேட்பதற்கு முன் அதைப் பிணைத்திருக்கும் பசை எதுவென்று கேட்பதே விவேகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மேடை சூட்டைத் தாங்குமா, புளிப்புக்கு அரிபடுமா, வீட்டு ரம்பத்துக்கு இசையுமா, அறுப்பவரின் நுரையீரலுக்குத் தீங்கு செய்யுமா என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பசையே விடை சொல்கிறது.

காகிதப் பலகையின் பூர்வோத்தரத்தைத் தேடினால் பேக்கலைட்டில் போய் நிற்போம். லியோ பேக்லாண்ட் 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துச் செய்த அந்தப் பிசினைத் தாளிலும் துணியிலும் ஏற்றி, மின்கருவிகளில் மைக்காவுக்குப் பதிலாக உபயோகிக்கும் பொருட்டு 1912இல் இரு பொறியாளர்கள் கண்டதே ஃபார்மிகா. மைக்காவுக்கு மாற்று என்ற பொருளிலேயே அப்பெயரும் பிறந்தது. 1943இல் டகோமா நகரில் தொடங்கிய ரிச்லைட் நிறுவனத்தாரும் இவ்வகைப் பலகைகளை நெடுங்காலம் தொழிற்சாலைகளின் பொருட்டே செய்துவந்தனர். அடுக்களைக்கு அது பின்னால் வந்த விருந்தாளி.

பேப்பர்ஸ்டோனின் பிசினில் தமிழ் வாசகருக்கு விசேஷமான ஒரு சங்கதி உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வரும் ஃபீனாலைக் குறைக்கும் நோக்கத்தோடு அதில் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைச் சேர்த்தார்கள். பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்கள், பட்ட இடம் பொத்துப்போகுமே என்று அஞ்சி, கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு வேலைக்கு உட்காருவார்களே, அதே எண்ணெய்தான். அதைச் சூடாக்கினால் ஃபீனால் இனத்தைச் சேர்ந்த கார்டனால் கிடைக்கிறது; அது ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து இறுகிப் பிசினாகிறது. தோலைச் சுடும் ஒரு திரவம் இவ்வாறு தாளோடு தாளைக் கட்டும் பசையாக மாறுவதை ரசாயனத்தின் அழகிய காரியங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

மற்றொரு வகை, உடைந்த கண்ணாடியைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றியது. நம் வீடுகளில் பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பரப்பி, நீர் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய மொசைக் தரையைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் புதிதன்று. நியூயார்க்கின் புரூக்ளின் கப்பல் தளத்தில் 2003இல் தொடங்கிய ஐஸ்ஸ்டோன் இத்துறையில் பேர்பெற்றது. இங்கும் பசையே பிரதானம். சிமெண்டிலுள்ள காரமும் கண்ணாடியிலுள்ள சிலிகாவும் ஈரத்தில் சந்தித்தால், கூழ் போன்ற ஒரு வஸ்து உண்டாகி, நீரை உறிஞ்சிப் பருத்து, பலகையை உள்ளிருந்தே பிளந்துவிடும். கான்கிரீட்டில் இத்தகைய விளைவு உண்டென்பதைத் தாமஸ் ஸ்டான்டன் 1940இல் கலிபோர்னியாவில் எடுத்துக்காட்டினார். கண்ணாடியைக் கான்கிரீட்டில் சேர்த்து ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் மேயர் முதலியோர், சுட்ட வெண்களிமண் பொடியைச் சிமெண்டோடு கலப்பதும் கண்ணாடியை மிக நுண்ணிதாக அரைப்பதும் அதை அடக்கும் என்று கண்டார்கள். ஆகவே, பழைய பாட்டில்களை உடைத்து வீட்டிலேயே அச்சு கட்டி வார்க்க விரும்புகிறவர் இக்களிமண் பொடியை விடலாகாது. அன்றியும் சிமெண்ட் புளிப்புக்குப் பகை. மேற்பூச்சை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால், எலுமிச்சை மூடி கவிழ்ந்து கிடந்த இடம் மெருகிழந்து வெளுத்துவிடும்.

குவார்ட்ஸ் பொடியைப் பிசினில் பிணைத்த செயற்கைக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுசுழற்சிப் பொருள் கலந்தது என்ற பெயரோடு வந்தாலும், அதை உலர்வாக அறுக்கும்போது எழும் சிலிகாத் தூசு நுரையீரலில் ஆறாத தழும்பை உண்டாக்கும். கல் அறுக்கும் தொழிலாளர் பலர், இளம் வயதினர் உட்பட, சிலிகோசிஸ் நோய்க்கு இரையானதைக் கண்டே ஆஸ்திரேலிய அரசாங்கம் 2024 ஜூலை 1 முதல் இக்கல்லைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை விதித்தது. தொழிற்கூடத்தாருக்கே இத்தகைய அபாயம் என்றால், வீட்டுக் கொல்லையில் அதை அறுப்பது எவ்வகையிலும் தகாது.

இவற்றையெல்லாம் பரிசீலித்துப் பார்க்கும்போது, தம் கையால் மேடை போடுகிறவருக்குக் காகிதப் பலகையே ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. கார்பைடு பல் வைத்த சாதாரண மர ரம்பத்தால் அதை அறுக்கலாம், விளிம்பை உருட்டலாம், மூக்குக்கவசம் மட்டும் மறவாதிருக்க வேண்டும். குறையும் இல்லாமல் இல்லை. வெயில் பட்டால் நிறம் கருக்கும். ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூட்டைத் தாங்கும் என நம்பலாகாது. எனவே அடுப்பிலிருந்து இறக்கிய வாணலிக்குப் பிரிமணை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை இறுகிய அந்தப் பிசின் மறுபடி உருகாது. ஆதலால் பலகையை மீண்டும் கூழாக்கித் தாளாக்க வழியில்லை. பழைய தாளுக்குக் கிடைத்த இந்த மறுஜென்மமே அதற்குக் கடைசி ஜென்மமாகையால், அது நீண்ட ஜென்மமாக இருந்தாக வேண்டும்.

ஆகவே, வாங்குமுன் உள்ளங்கையளவு மாதிரித் துண்டொன்றைக் கேட்டுப் பெறுங்கள். அதில் ஒரு மூலையில் மஞ்சள் குழம்பும், ஒரு மூலையில் கரைத்த புளியும், ஒரு மூலையில் எண்ணெயுமாக வைத்து இரவெல்லாம் விட்டுவிடுங்கள். நான்காவது மூலையில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். காலையில் கழுவிவிட்டு, நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். கறையும் கீறலும் இருந்த இடத்தை விரலால் தடவித் தேட வேண்டியிருக்குமானால், அப்பலகையை நம்பி ரம்பத்தைக் கையில் எடுக்கலாம்.