காமிரா வாங்கு முன்

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஒண்டிக்கடைச் சந்தியில் வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் செய்வது என்ன என்பதனை ஏற்காட்டு வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஏரியைப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் கையில் இருப்பது கைப்பேசிதான். அதிலேயே அழகான படம் விழுந்துவிடுகிறது என்பதும் உண்மையே. ஆயினும் திருமணம், புதுநன்மை, பள்ளி ஆண்டு விழா என்று வரும்போது, காமிராவையே தொழிலாகக் கொண்ட ஒருவரைக் குடும்பங்கள் இன்றும் தேடிச் செல்கின்றன. அத்தொழிலில் இறங்க ஆவல் கொண்ட பிள்ளைகள் நம் மலையிலும் இருக்கிறார்கள். “எந்தக் காமிரா வாங்கலாம், சாமி?” என்று அவர்களும், சில வேளைகளில் அவர்தம் பெற்றோரும் நம்மிடம் கேட்பதுண்டு. அக்கேள்வியின் பின்னால் பெரும்பாலும் ஓர் அடகுச் சீட்டோ, மிளகு விற்ற பணமோ இருக்கிறது. ஆகவே அதனை அற்பமாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். கடைகளில் அவ்வாறே கூறிவிடுகின்றனர். ஆனால் காமிரா வாங்குவது நாற்காலி வாங்குவதைப் போன்றதன்று. சம்பந்தம் செய்வதைப் போன்றது. பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தால் அவளுடைய அண்ணன்மாரும் அத்தைமாரும் உறவாகி விடுகிறார்கள் அல்லவா? அதுபோலப் பாடி ஒன்றை வாங்கியவுடன், அதற்குப் பொருந்தும் லென்ஸ்கள், அதனோடு பேசும் பிளாஷ்கள், அதற்குரிய பாட்டரிகள் ஆகிய அனைத்தோடும் உறவு பூணுகிறோம். பின்னர் மனம் மாறினால், பாடியை மட்டும் விற்றுத் தப்பிக்க இயலாது. வீடு முழுவதையும் காலி செய்ய நேரிடும்.

நம் பெற்றோர் காலத்தில் இத்தொல்லை இருந்ததில்லை. இந்தியாவிலேயே செய்யப்பட்ட அக்ஃபா கிளிக் 3 பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஒரு பெட்டி, அதனோடு பிரிக்க முடியாமல் ஒட்டிய ஒரு கண், ஒரு சுருளுக்கு 12 படங்கள். அவ்வளவே. இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக, அன்றைய சேலம் மாவட்டத்து இராயக்கோட்டையையும் பிற இடங்களையும் காகித நெகடிவ்களில் படமெடுத்து ஒரு தொகுதியே வெளியிட்டார். எந்த வளையம் எந்தப் பாடிக்குப் பொருந்தும் என்னும் கவலை அவருக்கு இருந்திருக்காது. வேறு கவலைகள் ஏராளம் இருந்திருக்கும்.

இன்றைய கவலை அந்த வளையத்தில்தான் தொடங்குகிறது. பாடியின் முகப்பில் லென்ஸைப் பூட்டும் உலோக வளையத்திற்கு மவுண்ட் என்று பெயர். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. நிக்கான் நிறுவனம் 1959இல் தன் எப் காமிராவுக்கென அமைத்த வளையம், 2020இல் வெளிவந்த டி6 காமிரா வரையிலும் வடிவு மாறவில்லை. கேனன் நிறுவனமோ 1987இல் தன் பழைய எப்.டி. வளையத்தைத் துணிந்து கைவிட்டு, இ.எப். என்னும் புதியதற்கு மாறிற்று. எப்.டி. லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அன்று அடைந்த கசப்புக் கொஞ்சமன்று.

இதைப் படிக்கும் எவரும் நிக்கானே நம்பத் தகுந்தது என்று முடிவு செய்யக்கூடும். அவசரப்பட வேண்டாம். பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியவர் கேனன். ஆதலால் போகஸ் செய்யும் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்து, லென்ஸுக்கும் பாடிக்கும் மின் தொடர்பு மட்டுமே இருக்கும்படி செய்துவிட்டார். 1987இல் வாங்கிய இ.எப். லென்ஸ், 2018இல் வந்த ஆர்.எப். வளையத்துப் பாடியிலும் ஓர் இணைப்பு வளையத்தின் உதவியோடு தானாகவே போகஸ் செய்கிறது. நிக்கானோ பழைய வீட்டுடனேயே அறைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய பழைய ஏ.எப்., ஏ.எப்.-டி லென்ஸ்களைத் திருப்பும் மோட்டார் பாடிக்குள் இருந்தது. 2006இல் வந்த டி40 தொடங்கி, மலிவு விலைப் பாடிகளில் அம்மோட்டாரை எடுத்துவிட்டனர். டி3000, டி5000 வரிசைகள் அனைத்தும் அத்தகையவையே. அவற்றில் பழைய லென்ஸ் அழகாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் போகஸைக் கையால் திருகித்தான் செய்ய வேண்டும். 2018இல் நிக்கான் இஸட் வளையத்தோடு கொண்டுவந்த எப்.டி.இஸட். இணைப்பிலும் அந்த மோட்டார் இல்லை. பெயர் ஒன்று, வளையம் ஒன்று, ஆயினும் உறவு இல்லை! மாலை மாற்றும் நொடியில் லென்ஸைக் கையால் திருகிக்கொண்டு நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நிறுவனமே கைமாறுவதும் உண்டு. தானாகப் போகஸ் செய்யும் வசதியைப் பாடிக்குள்ளேயே அமைத்து 1985இல் உலகை வியக்க வைத்த மினோல்டா, பின்னர் கோனிகாவோடு இணைந்து, 2006இல் தன் காமிராத் தொழிலைச் சோனியிடம் ஒப்படைத்தது. சோனி சில ஆண்டுகள் அவ்வளையத்தைப் பேணியது; ஆனால் 2010இல் தொடங்கிய இ மவுண்டிலேயே அதன் நாட்டம் நிலைத்தது. ஒலிம்பஸின் காமிராப் பிரிவும் 2021இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இவற்றைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. “பெரிய கம்பெனி, எப்போதும் இருக்கும்” என்னும் பேச்சை நம்பிக் கடன் வாங்கக் கூடாது என்பதற்காகவே.

அடுத்து, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே பெரிய சென்சார், சிறிய சென்சார் என இரு பிரிவுகள் உண்டு. பெரியது பழைய பிலிம் அளவாகிய 36க்கு 24 மி.மீ. சிறியதில் 50 மி.மீ. லென்ஸ், நிக்கானிலும் சோனியிலும் 75 மி.மீ. போலவும், கேனனில் 80 மி.மீ. போலவும் பார்க்கும். கேனனின் இ.எப்.-எஸ். லென்ஸ்கள் சிறிய சென்சாருக்கென்றே செய்யப்பட்டவை. அந்நிறுவனத்தின் பெரிய சென்சார் டி.எஸ்.எல்.ஆர். பாடிகளில் அவை பூட்டவே மாட்டா. இரண்டாண்டில் பெரிய சென்சாருக்குப் போகும் எண்ணம் இருப்பவர், இன்று அத்தகைய லென்ஸ்களில் பணத்தை முடக்கலாகாது. அவ்வெண்ணம் இல்லாதவரோ சிறிய சென்சாரிலேயே நிறைவாகத் தொழில் செய்யலாம். அதில் இழிவு ஏதுமில்லை.

பாடியோடு சேர்த்துத் தரப்படும் 18-55 லென்ஸ், நீட்டிப் பிடித்தால் எப்/5.6 அளவே திறக்கும். ஒவ்வொரு பெரிய நிறுவனத்திலும் விலை குறைந்ததாகக் கிடைக்கும் 50 மி.மீ. எப்/1.8 லென்ஸ், அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பிற்பகல் இரண்டு மணிக்கே மேகம் இறங்கி விளக்குப் போட வேண்டியிருக்கும் நம் ஊரில், இந்தப் பத்து மடங்கு பாடியின் விலையைக் காட்டிலும் பெரிது. பாடிகள் நான்கைந்து ஆண்டுகளில் பழையனவாகி விடுகின்றன. நல்ல லென்ஸ் இருபது ஆண்டுகள் உழைக்கும். எனவே பணம் குறைவாயின், பாடியைக் குறைத்து லென்ஸைக் கூட்டுக என்பதே நம் துணிபு.

இனிப் பிளாஷுக்கு வருவோம். சமவெளியில் இருப்பவர்க்கு இது இரண்டாம் பட்சம், நமக்கோ இன்றியமையாதது. மூடுபனி வேளையில் வளைவுகளில் வண்டி ஓட்டும் நம் ஓட்டுநர்கள் முகப்பு விளக்கை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். காமிராவின் தலைமேல் வைத்த பிளாஷும் அவ்வாறே செய்கிறது. லென்ஸுக்கு முன்னுள்ள நீர்த்துளிகள் அனைத்திலும் பட்டு ஒளி திரும்பி வருகிறது. மணமக்கள் வெண்சாம்பல் பூசியவர்களாகத் தோன்றுகிறார்கள். அதே பிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைத்தாலோ, மணமக்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தாலோ, எதிரியாயிருந்த மூடுபனியே ஒளி ஊறிய திரையாகிவிடுகிறது. பகோடா பாயிண்டிலும் லேடீஸ் சீட்டிலும் எடுக்கப்பட்ட சிறந்த மணப் படங்கள் சிலவற்றின் இரகசியம் இதுவே. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகும் என்பதனை மட்டும் நினைவில் வைத்து, பிளாஷை மிகவும் தள்ளாதிருக்க வேண்டும்.

கழற்றி வைத்த பிளாஷுக்குக் காமிரா எவ்வாறு கட்டளையிடுகிறது? இரு வழிகள் உண்டு. முதலாவது ஒளித்துடிப்பு. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிறு பிளாஷ் ஒன்று சிமிட்டிச் செய்தி அனுப்பும். 1990களின் தொடக்கத்தில் மினோல்டா இதற்கு வழிகாட்டியது. நிக்கான் 2003இல் இதனை மிகவும் செம்மைப்படுத்தியது. மண்டபத்துக்குள்ளே சுவர்களில் பட்டுச் செய்தி போய்ச் சேரும். வெட்டவெளியிலும், நல்ல வெயிலிலும், தூணின் மறைவிலும் தடுமாறும். இரண்டாவது வானொலி அலை. கேனன் 2012இல் தன் 600இ.எக்ஸ்.-ஆர்.டி. பிளாஷிலும், நிக்கான் 2016இல் தன் எஸ்.பி.-5000 பிளாஷிலும் இதனைச் சேர்த்தன. தூணுக்குப் பின்னாலும், பனிக்கு நடுவிலும் இது போய்ச் சேரும். மலையில் தொழில் செய்பவர் இரண்டாவதையே நாட வேண்டும்.

இங்கேதான் “ஒரே கம்பெனி” என்னும் விதியைச் சற்றுத் தளர்த்தலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. லென்ஸுக்கும் பாடிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. பிளாஷின் உறவு அவ்வளவு நெருக்கமன்று. கோடாக்ஸ் போன்ற வேற்று நிறுவனங்களின் வானொலிப் பிளாஷ், கழற்றி வைத்த நிலையில், எந்தக் காமிராவுக்கும் பணி செய்யும். காமிராவின் தலையில் வைக்கும் ட்ரிக்கர் மட்டும் அந்தந்த நிறுவனத்துக்கு உரியதாயிருந்தால் போதும். காமிரா மாறினாலும் பிளாஷ் வீணாவதில்லை. ஆனால் ட்ரிக்கரிலும் ஒரு பொறி உண்டு. பிளாஷைப் பொருத்தும் ஷூ என்னும் தகட்டின் நடுவில், எந்தப் பிளாஷையும் சுடச் செய்யும் பொதுவான புள்ளி ஒன்று காலங்காலமாக இருந்து வந்தது. 2018இல் வந்த கேனன் 1500டி, 3000டி ஆகிய மலிவுப் பாடிகளில் அப்புள்ளி இல்லை. கேனனின் தானியங்கி முறையில் பேசும் பிளாஷோ ட்ரிக்கரோ மட்டுமே அவற்றில் வேலை செய்யும். ஸ்டுடியோவில் கிடக்கும் பழைய சாதாரண ட்ரிக்கர் வாய் திறக்காது. வாங்கு முன் ஷூவின் நடுவே விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை.

அண்மையில் வந்த இளைஞர் ஒருவர், தாயாரின் சங்கிலி அடகில் இருக்கிறது, மூன்று நிறுவனங்களில் எதை எடுக்கட்டும் என்று கேட்டார். “உன் நண்பர்களிடம் எது இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்டோம். அவர் உடன் வேலை பழகியவர்கள் இருவர். இருவரிடமும் ஒரே நிறுவனத்துக் கருவிகள். அதுவே விடை என்றோம். பத்திரிகைகள் தரும் மதிப்பெண்களைவிட இது பெரிய காரணம். 70-200 லென்ஸ் ஆண்டில் பத்து நாளே தேவைப்படும். அதனை இரவல் வாங்கிக்கொள்ளலாம். பாட்டரி தீர்ந்த வேளையில் பக்கத்தில் இருப்பவர் ஒன்று எடுத்துக் கொடுப்பார். கற்றுக்கொடுப்பவர்க்கும் பொத்தான்கள் இருக்குமிடம் தெரிந்திருக்கும். இதற்கு ஒரு குறையும் உண்டு. தவக்காலம் முடிந்தபின் திருமணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மே மாதத்திலோ கோடை விழாவும் சேர்ந்துகொள்ளும். அந்நாட்களில் நண்பரின் லென்ஸ் நண்பருக்கே வேண்டியிருக்கும். ஆகவே அன்றாடத் தேவைக்கான பாடி, 50 மி.மீ. லென்ஸ், ஒரு பிளாஷ், ஒரு ட்ரிக்கர் ஆகியவை சொந்தமாக இருக்க வேண்டும். மற்றவை இரவலாகவோ வாடகையாகவோ வரலாம்.

பலர் கண்ணாடியற்ற புதிய பாடிகளுக்கு மாறிவிட்டதனால், பழைய நிக்கான் எப், கேனன் இ.எப். லென்ஸ்கள் செகண்ட் ஹாண்டில் விலை இறங்கிக் கிடைக்கின்றன. புதியது வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. மேலே கூறிய மோட்டார் விவகாரத்தைச் சரிபார்த்து, பாடியையும் லென்ஸையும் சேர்த்துப் பூட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ண வேண்டும்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். சிலந்தி வலை போல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சைக் காளான். எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். நம் மலையின் ஈரத்தில் அது விரைவில் பரவும். சொந்த லென்ஸையும் தோல் உறைக்குள் மூடி வைக்கலாகாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவை ஈரம் உறிஞ்சியபின் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இட வேண்டும். ஏற்காட்டின் குளிரில் வேலை முடித்து அன்றே சேலத்து மண்டபத்துக்கு இறங்குகிறவர்கள் ஒன்று செய்யட்டும். குளிர்ந்த லென்ஸின்மேல் கீழேயுள்ள வெப்பக் காற்றின் ஈரம் படிந்துவிடும். ஆதலால் மண்டபம் சேர்ந்ததும் பையைத் திறவாமல் அரை மணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அதற்குள் காப்பி குடித்து வரலாம்.