மென்மொழியின் பின்னால் நிற்பவர் யார்?

ஒரு நாட்டின் ராஜதந்திரி நிதானமாகப் பேசினால், அந்த நாடே நிதானத்துக்கு வந்துவிட்டதாக நம்புவது மனித இயல்பு. நானும் அப்படி நம்பியவன்தான். 2015 ஜூலையில் வியன்னாவில் ஈரானுக்கும் ஆறு நாடுகளுக்கும் இடையே அணுசக்தி உடன்பாடு எட்டப்பட்டபோது, ஈரான் வெளியுறவு அமைச்சர் முகமது ஜாவத் ஜரீஃபின் புன்னகையே இனி தெஹ்ரானின் முகம் என்று எண்ணினேன். அமெரிக்காவில் படித்தவர், ஐ.நா.வில் ஈரானின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர். அவரது சொல்லில் ஓர் அரசின் மனமாற்றத்தையே கண்டேன்.

2019 பிப்ரவரியில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. சிரிய அதிபர் அசாத் தெஹ்ரான் வந்து உச்சத் தலைவர் கமேனியையும் அதிபர் ரூஹானியையும் சந்தித்தார். குத்ஸ் படைத் தளபதி காசிம் சுலைமானி உடனிருந்தார். வெளியுறவு அமைச்சர் மட்டும் அங்கு இல்லை. அன்றிரவே ஜரீஃப் இன்ஸ்டாகிராமில் பதவி விலகலை அறிவித்தார். ரூஹானி அதை ஏற்கவில்லை.

2021 ஏப்ரலில் கசிந்த ஒலிப்பதிவு, காரணத்தை ஜரீஃபின் குரலிலேயே சொன்னது. போர்க்களத்தின் தேவைக்காக ராஜதந்திரம் பலியிடப்பட்டதே தவிர, ராஜதந்திரத்துக்காகக் களம் விட்டுக்கொடுத்ததில்லை என்பதே அவரது மனக்குறை. அடுத்த சில நாள்களில் கமேனி பதிலளித்தார்: எந்த நாட்டிலும் வெளியுறவுக் கொள்கையை வெளியுறவு அமைச்சகம் வகுப்பதில்லை, மேலிடம் முடிவெடுக்கும், அமைச்சகம் நிறைவேற்றும். ஈரான் அரசமைப்புச் சட்டமும் நாட்டின் பொதுக் கொள்கைகளை வகுக்கும் அதிகாரத்தை உச்சத் தலைவருக்கே அளிக்கிறது.

அப்படியானால் ஜரீஃபின் மென்மொழி வெறும் முகமூடியா? அப்படிச் சொல்வதும் தவறே. உடன்பாட்டின்படி யுரேனியச் செறிவை 3.67 சதவீதத்துக்குள்ளும், கையிருப்பை 300 கிலோவுக்குள்ளும் ஈரான் வைத்திருந்ததைச் சர்வதேச அணுசக்தி முகமை தொடர்ந்து உறுதிசெய்தது. 2018 மே மாதம் உடன்பாட்டிலிருந்து முதலில் விலகியது அமெரிக்காதான். அதன் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு ஈரான் அந்த வரம்புகளை மீறவில்லை. அணுசக்தி விவகாரத்தில் ஜரீஃபின் சொல்லுக்குப் பின்னால் கமேனியின் இசைவு இருந்தது, சொல் காப்பாற்றப்பட்டது. சிரியா விவகாரத்தில் அது இல்லை. சொல் காற்றில் கலந்தது. பேசியவர் ஒருவரே, மாறியது அவருக்கிருந்த பின்பலம்.

இது ஈரானுக்கு மட்டும் உரியதன்று. 1962 செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் அனதோலி தோப்ரினின், கியூபாவில் தாக்குதல் ஏவுகணைகள் வைக்கப்படமாட்டா என்று ராபர்ட் கென்னடியிடம் உறுதியளித்தார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையை மாஸ்கோ அவருக்கே சொல்லவில்லை. அதே தோப்ரினின் வழியாகத்தான் அக்டோபர் 27 இரவு கென்னடியின் முன்மொழிவு குருஷ்சேவைச் சென்றடைந்தது. மறுநாள் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக மாஸ்கோ அறிவித்தது. ஒரே தூதர்; ஒரு மாதம் அறியாமையின் குரல், மறு மாதம் அமைதியின் வாயில்.

ஆகவே, ஒரு தூதரின் கனிவான பேச்சைக் கேட்கும்போது, அவர் நல்லவரா என்ற கேள்வி இப்போது எனக்கு எழுவதில்லை. இந்த விவகாரத்தில் முடிவெடுப்பவர் யார், அவர் தூதரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாரா, சொன்ன சொல்லைச் சரிபார்க்க வழியுண்டா என்றே கேட்கிறேன். இவற்றுக்கு விடை தேடாமல் நம்பினால் ஏமாறுவோம். விடை தேடாமல் புறந்தள்ளினால், போரைத் தவிர்க்கக் கிடைத்த கதவை நாமே அடைத்துவிடுவோம். இரண்டாவது தவறுக்கான விலையே பெரிது.