வைட்டமின் ‘அதிகம்’, நெஞ்சில் படபடப்பு: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி, பி12 இரண்டும் ‘அதிகம்’ என்று வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக நெஞ்சு படபடப்பும் இருக்கிறது. அதனால்தான் இது என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். சில சமயம் அது சரியாக இருக்கும். பல சமயம் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான்.

டி கூடினால் கால்சியத்தைப் பாருங்கள்

டி மிதமிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மனக்குழப்பம் என்று வரும். இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். டிகாக்சின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பொதுவாக ரத்தத்தில் டி அளவு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டும்போதுதான் நச்சுத்தன்மை பற்றிக் கவலைப்படுவார்கள். 60, 70 என்று இருந்து கால்சியமும் சரியாக இருந்தால், படபடப்புக்குக் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

60,000 யூனிட் டி மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தால் தினம் ஒன்று போடுபவர்கள் உண்டு. எட்டு வாரம் முடிந்த பிறகும் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்குபவர்களும் உண்டு. டி கொழுப்பில் கரைந்து உடம்பிலேயே தங்கிவிடும். நிறுத்தினாலும் இறங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

பி12

ஊசியோ மாத்திரையோ எடுத்தவருக்கு இது ஏறத்தான் செய்யும். அது படபடப்பைக் கொண்டுவருவதாகச் சான்று இல்லை. எதுவும் எடுக்காமலே கூடியிருந்தால் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும்.

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் மாத்திரை

பலரும் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான். அதில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் நமக்கு நாளுக்குச் சுமார் 30 மைக்ரோகிராம் போதும். முடி மாத்திரைகள் பலவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையே பயோட்டினை வைத்து நடப்பதால், ரத்தத்தில் அது அதிகமிருந்தால் கணக்கு புரண்டுவிடும். டி, பி12 பொய்யாகக் கூடிக் காட்டலாம். தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் குறைந்தும் டி4 கூடியும் வரலாம். ஏற்கெனவே படபடப்போடு வந்தவர் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினால், இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து தொடங்கிவிடும் அபாயம் உண்டு. அதைவிட மோசம், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டுவது. அமெரிக்க எஃப்டிஏ இதை 2017லேயே எச்சரித்துவிட்டது.

பயோட்டினைப் பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். டோஸ் அதிகம் என்றால் கூடுதல் நாள் தேவைப்படும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படபடப்பைத் தனியாக விசாரியுங்கள்

ரத்தசோகை, தைராய்டு, பொட்டாசியக் குறைவு, பதற்றம், அளவுக்கு மீறிய காபி, ஆஸ்துமா இன்ஹேலர், சளி மாத்திரை என்று காரணங்கள் ஏராளம். இசிஜி எடுக்கும் நேரத்தில் படபடப்பு இல்லாவிட்டால் இசிஜி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வரும். 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவி தேவைப்படலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், புரோட்டீன் பவுடர் டப்பா உட்பட, பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலோடு படபடப்பு வந்தால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.