கடலில் கூடு கட்டாத பறவை

வயலோர மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். சிவந்த பெரிய அலகு, காப்பிக்கொட்டை நிறத் தலை. எழுந்து பறக்கும்போது சிறகு நீலமாகப் பளிச்சிடும். அதன் அறிவியல் பெயர் ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். இதே ஹால்சியன் ஆங்கிலத்தில் பெயரடையும்கூட. நிம்மதியாகக் கழிந்த காலத்தை ஆங்கிலம் பேசுவோர் ‘ஹால்சியன் நாட்கள்’ என்பார்கள்.

ஒரு பறவையின் பெயர் அமைதிக்கு அடைமொழியானது கிரேக்கர்களால். அவர்களுடைய மொழியில் மீன்கொத்திக்கு ‘அல்கியோன்’ என்று பெயர். காற்றுகளை ஆளும் அயோலஸின் மகள் அல்கியோனி. அவள் கணவன் செயிக்ஸ் புயலில் சிக்கிக் கடலில் மாண்டான். கரையொதுங்கிய உடலைக் கண்டதும் அவள் அதை நோக்கிப் பாய்ந்தாள். தேவர்கள் இருவரையும் பறவைகளாக்கினார்கள். குளிர்காலத்தில் அவள் கடல்மேல் அடைகாக்கும்போது தகப்பன் காற்றைக் கட்டிவைப்பானாம். ரோமானியக் கவிஞர் ஓவிட் இதை உருகி உருகிப் பாடியிருக்கிறார். ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கு முன் 7 நாள், பின் 7 நாள் என்று கணக்கும் உண்டு. அரிஸ்டாட்டிலே அதை எழுதிவைத்தார். கிரீஸில் நடுக்குளிர்காலத்தில் காற்று ஓய்ந்து வெயிலடிக்கும் நாட்களுக்கு இன்றும் இந்தப் பறவையின் பெயர்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த ‘ஹ’. மூலச்சொல்லில் அது கிடையாது. கிரேக்கத்தில் ‘ஹல்ஸ்’ என்றால் கடல், ‘கியோ’ என்றால் கருவுறுதல். கடலில் குஞ்சு பொரிக்கும் பறவை என்று நம்பியவர்கள், பெயரையும் அப்படியே பிரித்துப் பொருள் சொன்னார்கள். அந்தப் பிழையான பிரிப்பால் வந்து ஒட்டிய ஹகரம் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கும் போய், இன்றுவரை உதிரவில்லை.

1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் நம் பறவைக்கு ஸ்மிர்னா நகரின் பெயரைச் சூட்டினார். அது இன்றைய துருக்கியின் இஸ்மிர். 1821-இல் பறவையியலாளர் ஸ்வைன்சன் ஹால்சியன் என்ற பேரினத்தை வகுத்தார். செயிக்ஸும் விடுபடவில்லை: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வாழும், சிட்டுக்குருவியைவிடச் சிறிய மூவிரல் மீன்கொத்தியின் பேரினப் பெயர் அதுவே.

வெண்மார்பு மீன்கொத்திக்குக் கடல் வேண்டியதில்லை, மீன்கூட வேண்டியதில்லை. வெட்டுக்கிளி, ஓணான், நண்டு எது கிடைத்தாலும் கொத்திவந்து கிளையில் அடித்து அடித்து விழுங்கும். கூடு கட்ட அது தேடிப்போவது ஆற்றங்கரை மண்சுவரையோ தூர்ந்த கிணற்றின் பக்கச் சுவரையோதான். பறந்துவந்து அலகால் மோதி மோதி மண்ணைப் பெயர்க்கும். குழி கொஞ்சம் ஆழமானதும் உள்ளே நுழைந்து காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளும். கை நீளத்துக்கு வளை போகும். அதன் கடைசியில், வெளிச்சம் எட்டாத ஒரு சிற்றறையில், உருண்டையான வெள்ளை முட்டைகள் கிடக்கும்.