உங்கள் பல்லின் கோப்பு எங்கே போகிறது?

வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஊருக்கு வருகிறவர்கள், கல்யாணம் காட்சி, வீட்டு வேலையோடு பல் வேலையையும் முடித்துக்கொண்டு போவது வழக்கம். வேர் சிகிச்சை, கேப் அளவு, கேப் ஒட்டுவது எல்லாமே விமானத் தேதிக்குள் முடிந்தாக வேண்டும். கேப் வந்து கடித்துப் பார்த்தால் உயரமாக இருக்கிறது, அல்லது ஓரத்தில் இடைவெளி தெரிகிறது. ஸ்கேன் சரியில்லை என்கிறது லேப். லேப் டிசைன் சரியில்லை என்கிறது கிளினிக். இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இப்படிச் சொல்ல முடியும். தப்பு நடந்த இடம் இரண்டு மென்பொருள்களுக்கு நடுவில் இருக்கலாம்.

முன்பு ஆல்ஜினேட் மாவைக் குழைத்துத் தட்டில் வைத்து அளவு எடுப்பார்கள். அந்த அச்சு டப்பாவில் லேபுக்குப் போகும். கெட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். இப்போது கைப்பிடிக் கேமரா ஒன்று வாய்க்குள் நகர்ந்து, எடுத்த படங்களைக் கோத்து, நுண்ணிய முக்கோணங்களால் ஆன ஒரு பரப்பைத் திரையில் கட்டிவிடுகிறது. டிரையோஸ், ஐடெரோ, மெடிட் என ஒவ்வொரு ஸ்கேனரும் அதைத் தன் பாணியில் சேமிக்கும். லேபில் இருப்பதோ எக்ஸோகேட் போன்ற வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் பொதுவாகப் புரிவது பெரும்பாலும் எஸ்.டி.எல். கோப்புதான்.

அந்த எஸ்.டி.எல். பல்லுக்காகப் பிறந்ததல்ல. 1987இல் அமெரிக்காவின் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் தன் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்காக உருவாக்கிய வடிவம் அது. முக்கோணங்களை மட்டும்தான் சுமக்கும். 10 என்று ஒரு எண் இருந்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்பதைக் கோப்பு சொல்லாது. தவறாகத் திறந்தால் பல் 25.4 மடங்கு மாறிவிடும். நல்லவேளையாக, இந்தப் பிழை திரையிலேயே பல்லை இளிக்கும். வம்பு செய்வது திரையில் தெரியாத பிழைகள்தான். எஸ்.டி.எல்.லில் நிறம் இல்லாததால் ஈறு எங்கே முடிகிறது, செதுக்கிய பல்லின் ஓரம் எங்கே தொடங்குகிறது என்பதை டிசைனர் மேடுபள்ளத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. பி.எல்.ஒய். கோப்பாக அனுப்பினால் நிறமும் கூடவே வரும். எச்சிலோ ரத்தமோ மறைத்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால், சில மென்பொருள்கள் அதைத் தாமாகவே அடைத்துவிடும். அப்படி அடைத்த பரப்பு வாயில் இல்லவே இல்லாத பரப்பு. மேல் தாடை, கீழ் தாடை தனித்தனிக் கோப்புகளாக வரும்போது அவற்றில் ஒன்று கொஞ்சம் நகர்ந்தாலும் கடி மாறிப்போகும்.

எவ்வளவு நகர்ந்தால் தவறு? 1971இல் மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் இருவரும் வெளியிட்ட ஆய்வை ஒட்டி, கேப்பின் ஓர இடைவெளி 120 மைக்ரான் வரை ஏற்கத்தக்கது என்ற அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் தாண்டினால் ஒட்டும் சிமென்ட் கரையவும், உள்ளே சொத்தை புகவும் வாய்ப்பு கூடும்.

பல் எண்ணிலும் இதே ஆபத்து உண்டு. இந்தியாவில் பரவலாக உள்ள ஈரிலக்க முறையில் 14 என்றால் மேல் வலப்பக்கத்து முதல் முன்கடைவாய்ப் பல். அமெரிக்க முறையில் 14 என்பது மேல் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல். எந்த முறை என்று ஆர்டர் படிவத்தில் எழுதாமல் விட்டால் கேப் வாயின் மறுபக்கத்துக்கே போய்விடலாம். இந்தக் குழப்பங்களைத் தீர்க்கவே ஐ.எஸ்.ஓ. 18618 என்ற பன்னாட்டுத் தரநிலை 2018இல் வந்தது. ஆனாலும் அன்றாடம் லேபுக்கு வந்து சேர்வது இன்னும் பழைய எஸ்.டி.எல்.தான்.

வியாபாரச் சண்டையும் இதில் கலந்திருக்கிறது. டிரையோஸ் ஸ்கேனரில் எடுத்த கோப்புகளை, பல் வரிசையைச் சீராக்கும் தன் இன்விசலைன் சிகிச்சைக்கு ஏற்பதை அலைன் நிறுவனம் அமெரிக்காவில் 2018 தொடக்கத்தில் நிறுத்தியது. டிரையோஸைத் தயாரிக்கும் 3ஷேப் நீதிமன்றம் போனது. 2020இல் எக்ஸோகேட் நிறுவனத்தையே அலைன் வாங்கிவிட்டது. இன்று திறக்கும் கோப்பு பத்து வருடம் கழித்தும் திறக்கும் என்பதற்கு எந்த நிறுவனமும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

ஆகவே நோயாளி கேட்டு வாங்க வேண்டியது ரசீதோடு முடிவதில்லை. மேல், கீழ், கடி மூன்றும் அடங்கிய கோப்பைப் பொது வடிவத்தில் கேட்க வேண்டும். 'ஃபைல் ரொம்பப் பெரிசு' என்ற சாக்கு எடுபடாது. எஸ்.டி.எல்.லின் இரும வடிவில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். இரண்டு லட்சம் முக்கோணம் இருந்தாலும் 10 எம்.பி.தான். இம்பிளான்ட் போட்டிருந்தால் நிறுவனப் பெயர், மாடல், அளவு, பேட்ச் எண் எழுதிய அட்டை கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பிற்பாடு ஸ்க்ரூ தளர்ந்தால், எந்த நாட்டு மருத்துவரும் தடவித்தான் பார்க்க வேண்டும்.

பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சிகிச்சை ஆவணங்களைப் பேணச் சொல்கின்றன. எக்ஸ்ரே ஆவணம் என்றால் ஸ்கேன் கோப்பும் ஆவணமே. ஐரோப்பியச் சட்டம் தருவதுபோல் தரவை எடுத்துச் செல்லும் தனி உரிமையை நம்முடைய 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவில்லை. அது ஒரு குறைதான். ஆனால் என் தரவை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கும் உரிமையை அதன் 11ஆம் பிரிவு தருகிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. அதிலிருந்து 18 மாதத்தில் இந்தப் பகுதி நடைமுறைக்கு வரும். நோயாளியின் பெயரையும் கைபேசி எண்ணையும் கோப்பின் பெயராக வைத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் இப்போதே அதை விட்டுவிடுவது நல்லது.

பொருந்தாத கேப்பை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. அது சாட்சி. முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் புகார், பதிலில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் மனு கொடுக்கலாம், காணொளியில் ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். பணம் கொடுத்தது கிளினிக்குக்கு என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் முதலில் கிளினிக்தான். லேபைக் கைகாட்டி நகர முடியாது. அதே நேரம், சரிப்படாத சிகிச்சை எல்லாம் அலட்சியம் ஆகிவிடாது என்பதை 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு தெளிவாக்கியது. அதனால்தான் கிளினிக் அனுப்பிய மூலக் கோப்பு, லேப் திறந்த கோப்பு இரண்டும் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் எங்கே விலகியது என்று மென்பொருளே நிறத்தில் காட்டிவிடும்.

லேப் நடத்துகிறவர்களுக்கும் இதுவே கவசம். கோப்பு வந்ததும் என்ன வடிவம், எத்தனை கோப்பு, எந்தப் பல்லின் ஓரம் தெரியவில்லை, எங்கே ஓட்டை என்று இரண்டு வரி எழுதி கிளினிக்கின் சம்மதம் வாங்கிய பிறகே டிசைனில் கை வைக்கலாம். கிராக் மென்பொருளை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு இரட்டை அடி. அதில் வரும் இம்பிளான்ட் லைப்ரரி, அதாவது இம்பிளான்ட் மாடல்களின் அளவுத் தொகுப்பு, பழையதாக இருந்தால் ஸ்க்ரூ உட்காராது. தெரிந்தே திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.