கூந்தலை நீளமாக்கப் போகிறீர்களா? முதலில் வேரைப் பாருங்கள்!

தோள் வரை இருந்த முடி மூன்று மணி நேரத்தில் இடுப்பைத் தொடுகிறது. இதில் மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. வேறொரு பெண்ணின் தலையில் வளர்ந்த முடியைக் கொண்டு வந்து, சொந்த முடியோடு சேர்த்து விடுகிறார்கள். அழகு நிலையங்களில் இதற்கு 'ஹேர் எக்ஸ்டென்ஷன்' என்று பெயர்.

ஒரு காலத்தில் சினிமா நடிகைகளோடு நின்றிருந்த இந்தப் பழக்கம், இன்று மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் தெருமுனை அழகு நிலையம் வரை வந்துவிட்டது. ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண், கம்பெனி வரவேற்பறையில் உட்காரும் பெண், காய்ச்சலில் பாதி முடியைப் பறிகொடுத்த பெண் என்று பலரும் இதைத் தேடிப் போகிறார்கள்.

சாதாரணச் சம்பளக்காரர் வீட்டில் இது சின்னச் செலவு அல்ல. சில வகைகளுக்கு ஒரு மாதச் சம்பளமே போய்விடும். போன பணத்தை மறுபடி சம்பாதித்துக் கொள்ளலாம். ஆனால் முடியின் வேர் செத்துவிட்டால் அது திரும்புவது இல்லை. எனவே, கண்ணாடி முன் உட்காருவதற்கு முன்பே சில விவரங்களைத் தெரிந்து கொள்வது நல்லது.

அன்று சவுரி, இன்று எக்ஸ்டென்ஷன்

கூந்தலோடு வேறு முடி சேர்ப்பது தமிழ்ப் பெண்களுக்குப் புதிது அல்ல. சீப்பில் வரும் முடியை எறியாமல் சுருட்டி வைத்து, சேர்ந்ததும் அதில் சவுரி கட்டிக் கொண்ட பாட்டிமார் எத்தனையோ பேர். பரதநாட்டியம் ஆடும் பெண்களுக்கு இன்றும் சவுரியும் குஞ்சமும் இல்லாமல் சடை அலங்காரம் முடியாது.

சவுரிக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. சவுரியைக் காலையில் வைத்துப் பின்னி, இரவில் கழற்றி ஆணியில் மாட்டி விடலாம். தலைக்கு இரவெல்லாம் ஓய்வு. எக்ஸ்டென்ஷனோ வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில், தூங்கும்போதும் குளிக்கும்போதும் தலையிலேயே இருக்கும். அத்தனை நாளும் அந்தப் பாரத்தைச் சுமப்பது சொந்த முடியின் வேர்தான். நன்மையும் தீமையும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கி இருக்கின்றன.

யாருடைய முடி?

நல்ல முடியில் பெரும் பகுதி கோவில் காணிக்கை முடி. திருப்பதியில் பக்தர்கள் மொட்டை போட்டுக் கொள்ளும் இடம் 'கல்யாண கட்டா'. அங்கே சேரும் முடியை நீளவாரியாகத் தரம் பிரித்துத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. நீளம் கூடக் கூட விலையும் கூடும். காணிக்கை தந்தவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது. முடி சென்னை போன்ற ஊர்களில் சுத்தம் செய்யப்பட்டு, வெளிநாடுகளுக்கும் உள்ளூர் அழகு நிலையங்களுக்கும் போகிறது.

இன்னொரு வகை, சீப்பில் வரும் சிக்கு முடி. பாத்திரமோ, பிளாஸ்டிக் சாமானோ கொடுத்து வீடு வீடாக வாங்கிப் போகிறார்களே, அந்த முடிதான். கர்நாடகத்தில் கொப்பள் அருகே பாக்யநகரிலும், மேற்கு வங்காளத்தில் முர்ஷிதாபாத் பக்கமும் இதைச் சிக்கெடுத்துப் பிரிப்பதே பலருக்குப் பிழைப்பு.

இரண்டும் மனித முடிதான். ஆனால் தரம் வேறு. முடியின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்கு உண்டு. அந்தச் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். மொட்டையின்போது கொத்தாக வெட்டிய முடியில் எல்லாம் ஒரே திசையில் இருப்பதால் சிக்கு விழாது. இதைத்தான் 'ரெமி' முடி என்கிறார்கள். சிக்கு முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்து கிடக்கும். ஒன்றன் செதில் மற்றொன்றில் மாட்டி முடிச்சு விழும். அதை மறைக்க அமிலத்தில் போட்டுச் செதிலை நீக்கி, சிலிக்கான் பூசிப் பளபளப்பாக்குவது உண்டு. கடையில் பார்த்தால் பட்டு போல இருக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய், வைக்கோல் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது வகை செயற்கை நார். விலை குறைவு. ஆனால் சாதாரண நாரின் மேல் முடியை நேராக்கும் சூட்டுக் கருவி பட்டால் உருகிவிடும். சந்தேகம் வந்தால் ஓர் இழையைத் தனியாக எடுத்துக் கொளுத்திப் பார்க்கச் சொல்லலாம். மனித முடி பொசுங்கி நாற்றம் அடிக்கும், தொட்டால் பொடியும். நாரோ உருகிக் கெட்டியான உருண்டையாகும்.

எப்படிப் பொருத்துகிறார்கள்?

எளியது 'கிளிப்' வகை. வரிசையாகக் கிளிப் தைத்த முடியைக் காலையில் மாட்டி, இரவில் கழற்றிவிடலாம். கிட்டத்தட்ட நவீனச் சவுரி. செலவும் குறைவு, வேருக்கும் ஆபத்து குறைவு.

'டேப்' வகையில், சொந்த முடியின் மெல்லிய கற்றை ஒன்றை நடுவில் வைத்து, மேலும் கீழும் பசை நாடா உள்ள முடியை ஒட்டுவார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. ஆறு முதல் எட்டு வாரத்தில் கழற்றி, மேலே ஏற்றி ஒட்ட வேண்டும்.

'கெராட்டின்' வகையில், சிறு சிறு இழைகளைச் சூட்டுக் கருவியால் உருக்கி ஒட்டுவார்கள். தலை முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட இழைகள். மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் தாங்கும். செலவு அதிகம்.

'மைக்ரோ ரிங்' வகையில் சூடும் இல்லை, பசையும் இல்லை. பாசிமணி போன்ற சிறிய உலோக வளையத்துக்குள் இரண்டு முடியையும் நுழைத்து, குறடால் நசுக்கி விடுவார்கள். இது வைத்திருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், உள்ளே போகும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

'வீவிங்' வகையில், சொந்த முடியைத் தலையோடு ஒட்டி இறுக்கமாகப் பின்னி, அதன் மேல் முடிப்பட்டையை ஊசி நூலால் தைப்பார்கள். அடர்த்தியான, உறுதியான முடி உள்ளவர்களுக்கே இது ஏற்றது.

பார்லரில் என்ன நடக்கும்?

நல்ல நிலையத்தில் போன உடனே நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். முதல் நாள் தலையைப் பார்ப்பார்கள். முடியின் கனம், நிறம், சுருள் பார்த்து, அதற்குப் பொருந்தும் முடியைக் காட்டுவார்கள். பசை வகை என்றால், தோலில் கொஞ்சம் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்ப்பார்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பசை ஆகாது. இந்தச் சோதனையே தேவையில்லை என்று சொல்லும் இடத்தை விட்டு வந்துவிடலாம்.

பொருத்தும் நாளில் தலையில் துளி எண்ணெய் இருக்கக் கூடாது. முதலில் நன்றாக அலசிக் காய வைப்பார்கள். பிறகு பின்கழுத்திலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக மேலே வருவார்கள். முழுத் தலைக்கு 100 முதல் 150 கிராம் வரை முடி தேவைப்படும். எல்லாம் முடிந்த பிறகு கத்தரி எடுத்து, சொந்த முடியும் ஒட்டிய முடியும் தனித்தனியாகத் தெரியாதபடி வெட்டி விடுவார்கள். இந்தக் கடைசி வெட்டில்தான் கைத்திறமை தெரியும்.

முதல் இரண்டு மூன்று நாள் தலை பாரமாக இருக்கும். இலேசாக இழுக்கும். அது சகஜம். அதற்குப் பிறகும் வலி நீடித்தால், ஒட்டிய இடத்தில் சிவந்த கொப்புளம் வந்தால், புருவம் இழுபடுவது போல் இருந்தால் பொறுத்துக் கொள்ளக் கூடாது. 'காசு கொடுத்தாயிற்றே' என்று பல்லைக் கடித்துக் கொண்டு இருப்பவர்களுக்குத்தான் நெற்றி ஓரமும் காதோரமும் முடி விலகி வழுக்கை விழுகிறது. ஆரம்பத்தில் பாரத்தை எடுத்துவிட்டால் முடி மறுபடி வளரும். தொடர்ந்து இழுபட்டால் வேர் தழும்பாகி, அந்த இடம் நிரந்தரமாக வெறுமையாகிவிடும்.

எண்ணெய்க் குளியலுக்கு விடுமுறை

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டி வரும். எண்ணெய் பட்டால் பசை இளகி, ஒட்டு நழுவும். சீயக்காய்த் தூள் ஒட்டின் இடுக்கில் புகுந்து கொண்டால் எளிதில் போகாது. வேண்டுமானால் நுனியில் மட்டும் ஓரிரு சொட்டு எண்ணெய் தடவலாம். வேர்ப் பக்கம் கூடாது.

பொருத்திய இரண்டு நாள் வரை தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது. பிறகு சல்பேட் கலக்காத ஷாம்புவால், தலையைக் குனியாமல் நின்றபடி அலச வேண்டும். ஈரத் தலையோடு படுத்தால் ஒட்டுகள் ஒன்றோடொன்று பின்னிச் சடை விழும். மும்பை மழைக்காலத்தில் முடி காய்வதே பெரும் பாடு. காலையில் அலசி, அவசரமாக லோக்கல் ரயிலைப் பிடிக்கும் பெண்களுக்கு இது ஒத்து வராது. இரவில் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டுப் படுப்பது நல்லது. பூ வைப்பதில் தடை இல்லை. ஆனால் கொண்டை ஊசியை ஒட்டின் மேல் குத்தாமல் பின்னலில் குத்த வேண்டும்.

கழற்றும் நாள்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. இரண்டு மாதத்தில் ஒட்டு, வேரை விட்டு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். இறங்க இறங்க அது முறுக்கி இழுக்கும். எனவேதான் குறித்த காலத்தில் போயாக வேண்டும். 'இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்' என்று இழுப்பதில் மிச்சமாகும் பணத்தை விட, இழக்கும் முடி அதிகம்.

கழற்றுவதற்குத் தனித் திரவம் உண்டு. அது பசையைக் கரைத்துவிடும். வீட்டில் பிய்த்து எடுத்தால் சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும். கழற்றும்போது கொத்துக் கொத்தாக முடி உதிர்வதைக் கண்டு அழுபவர்கள் உண்டு. அது முழுதும் சேதம் அல்ல. எல்லாருக்கும் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயற்கை. ஒட்டில் சிக்கி இத்தனை நாள் விழாமல் இருந்தது, அன்று மொத்தமாக விழுகிறது. ஆனால் வழுக்கைத் திட்டு தெரிந்தால் அது வேறு விஷயம். உடனே தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

யாருக்கு வேண்டாம்?

முடி கொட்டுகிறது என்பதற்காகவே எக்ஸ்டென்ஷன் வைக்க நினைப்பவர்கள் பலர். உண்மையில், அவர்களுக்குத்தான் அவசரம் கூடாது. கொட்டிக் கொண்டிருக்கும் முடியின் மேல் பாரம் ஏற்றினால் இன்னும் கொட்டும். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும், பிரசவத்துக்குப் பின் கொட்டுவதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தைராய்டு கோளாறு, ரத்த சோகை ஆகியவற்றால் கொட்டினால் அதற்கு வைத்தியம்தான் வழி. திட்டுத் திட்டாகச் சொட்டை விழுந்தவர்கள், தலையில் புண், செதில் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஒட்டிக் கொள்ளக் கூடாது.

பணம் கொடுக்கும் முன்...

விளம்பரப் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் தொடக்க விலை. முடியின் விலை தனி, பொருத்தும் கூலி தனி, ஏற்றி ஒட்டும் கூலி தனி, கழற்றும் கூலி தனி என்று கணக்கு நீளும். எத்தனை கிராம், எத்தனை அங்குலம், என்ன முடி, கழற்றிய முடியை மறுபடி பயன்படுத்தலாமா, ஜி.எஸ்.டி. உள்ளேயா வெளியேயா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். ஒரு முறை செலவைப் பார்க்காமல், ஆறு மாதச் செலவைக் கூட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மும்பையில் பேச்சு இந்தியில் நடக்கும். அங்கே தலைமுடிக்குப் பெயர் 'பால்'! "அஸ்லி பால் ஹை?" என்றால் அசல் முடியா என்று பொருள். "நிகால்னே கா கித்னா?" என்றால் கழற்ற எவ்வளவு என்று பொருள். இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே, வந்திருப்பவர் விவரம் தெரிந்தவர் என்று புரிந்து கொள்வார்கள்.

ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு நிழற்படம் என்றால் கிளிப் வகையே போதும். விழா முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக் கொள்ளலாம். தினமும் வேண்டும் என்பவர்கள், தங்கள் முடியால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும். வாங்கிய முடி போனால் வேறு வாங்கலாம். சொந்த முடியின் வேரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.